இயலுமானியின் கடைசி அளவு

இயலுமானி என்ற கருவி வந்தபிறகு தூத்துக்குடியில் நொண்டாமல் நடப்பவரைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. சுவருக்குச் சுவர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, யாருடைய உடம்புக்கு என்னென்ன முடியும் என்று அளப்பதுதான் அதன் வேலை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை யாருக்கு என்பதை இப்போது அதுதான் முடிவு செய்கிறது.

ரெஜினாள், உப்பளத்தில் மூட்டை சரிந்து முதுகெலும்பு நொறுங்கியவள். மாதா கோயிலில் நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரோடும் சேர்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதை இயலுமானி பார்த்துத் தொலைத்தது. உதவித்தொகை இல்லை என்றுவிட்டார்கள். அது வராவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. மேல்முறையீட்டு மன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீதிபதி வரும்போது என்ன ஆனாலும் எந்திரிச்சிராதிய யக்கா," என்றார் வக்கீல் செல்வின்.

"ஒமக்குச் சம்பளம் யாரு தாரா?"

"ஜெயிச்சா அரசாங்கம் தரும். எவ்வளவுன்னு நீதிபதி சொல்லுவாரு."

"அப்ப நீரும் அவுக ஆளுதான்."

"அட, தோத்தா எனக்கு ஒத்தப் பைசா கெடையாது யக்கா!"

அவள் நம்பவில்லை. நீதிபதி வரும்போது சட்டமாக உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கோபம் வராதா? இவன் நம்மைக் கவிழ்க்கத்தான் பார்க்கிறான்.

நீதிபதி வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரெஜினாளும் எழுந்துவிட்டாள். முதுகுக்குள் ஏதோ நெரிந்தது.

"எழ இயலும்," என்றது சுவர்.

போச்சு! செல்வின் தொண்டை வறள வாதாடிப் பார்த்தார்.

"இயலுமானிக்குப் பொய் சொல்லி என்ன ஆகணும்? தள்ளுபடி," என்று நீதிபதி புறப்பட்டார். மறுபடியும் எல்லோரும் எழுந்தார்கள். ரெஜினாளும் எழப் பார்த்தாள். கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. அப்படியே தரையில் சரிந்தாள்.

"எழ இயலாது," என்றது சுவர்.

"அய்யா! நீங்க இன்னும் கையெழுத்துப் போடலை. சட்டப்படி கடைசி அளவுதான் செல்லும்!" செல்வின் கத்தியே விட்டார்.

நீதிபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். சட்டம் சட்டம்தானே. முகத்தைச் சுளித்துக்கொண்டே உதவித்தொகையையும் வக்கீல் கட்டணத்தையும் வழங்கிக் கையெழுத்திட்டுவிட்டு வெளியேறினார். கூட்டமும் கலைந்தது.

ரெஜினாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷரையா சந்தேகப்பட்டோம்!

"என்னைய மன்னிச்சிரும் சார்," என்றாள் தரையில் கிடந்தபடியே.

செல்வின் சிரித்துக்கொண்டே அவள் காதருகே குனிந்தார்.

"பிரமாதம் யக்கா! ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். அவரு போயிட்டாரு. போதும், எந்திரிங்க."