பின்சுவருக்குள் எழுதிய பெயர்

1994ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, நானும் என் மனைவி ஆர்டிஸும் கிளெம் ஹாஸ்க் என்பவரின் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் ஒரு பழைய டிரெய்லரை விற்கப்போவதாக மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டியிருந்தார். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் இருபதடி வீடு அது. ஒரு கட்டில், ஒரு மேசை, சின்ன அடுப்பு, மூலையில் கழிப்பறை. தகரத்தில் பச்சைக் கோடு. கொட்டகையின் வடக்கு நிழலில், இன்னும் கரையாத அழுக்குப் பனிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

உள்ளே போனதும் ஈரமரத்தின் வாடை அடித்தது. பழைய டிரெய்லர் எல்லாவற்றிலும் அந்த வாடை உண்டு. நான் கூரையின் விளிம்புகளைத் தடவிப் பார்த்தேன். தரையைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். பின்மூலையில் மெத்தென்று அமுங்கியது.

"ஒழுகுதே?" என்றேன்.

"ஒழுகாத டிரெய்லர் இன்னும் செய்யலை தம்பி," என்றார் ஹாஸ்க். எழுபதைத் தாண்டியவர். மனைவி எஃபீ முந்தைய கோடையில் அந்த டிரெய்லரின் பின்கட்டிலிலேயே இறந்துபோனாள் என்பதை மறைக்காமல் சொன்னார். பேரம் முடிந்து, கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது என் அருகில் வந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒழுக்கைச் சரிபண்ணப் பின்சுவரைத் திறப்பே. உள்ள சட்டத்துல அவ பேரு இருக்கும். அவ கையாலயே எழுதினது. மத்ததை என்ன வேணா மாத்திக்க. அதை மட்டும் அழிச்சிடாத."

சரி என்றேன். கை கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். ஒரு சுவரைப் பலகை போட்டு மூடுவதற்கு முன், வேலை செய்தவர்கள் தச்சுப் பென்சிலால் உள்சட்டத்தில் தங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பார்கள். அடுத்து எப்போதோ திறப்பவன் படிக்கட்டும் என்று. என் அப்பா கட்டிய வீட்டுச் சுவர்களுக்குள்ளும் அவர் பெயர் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பின்சுவரின் பிளைவுட்டைக் கழற்றினேன். கட்டிலின் தலைமாட்டில், குறுக்குச் சட்டத்தில் அவள் பெயர் இருந்தது. எஃபீ ஹாஸ்க். எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கைக்காரி.

நான் உப்புத்தாளை எடுத்தேன்.

"பாவம், ஓரின். அந்தப் பேரு உன்கிட்ட சாப்பாடா கேட்டுது?" என்றாள் ஆர்டிஸ்.

"என் பொண்டாட்டி தலைமாட்டுல இன்னொருத்தன் பொண்டாட்டி பேரு எதுக்கு? இது இனிமே நார்டால் குடும்பத்து டிரெய்லர்."

"நல்லா தேய். உங்கப்பா கல்லறையில எழுந்து கை தட்டுவார்."

வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்தேன். அந்த இடத்திலேயே ஆர்டிஸ் நார்டால் என்று அவளை எழுதவைத்தேன். அவள் எழுத்து குண்டு குண்டாக, வலப்பக்கம் சாய்ந்து இருக்கும். கீழே என் பெயரை எழுதி, புதுப் பலகை போட்டு மூடினேன்.

அடுத்த வருடம் ஹாஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்தார். டிரெய்லருக்குள் போய்ப் பின்கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்தார். "அவ பேரு?" என்று கேட்டார்.

"இருந்தபடியே இருக்கு," என்றேன்.

என் வாழ்நாளில் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன ஒரே பொய் அது. அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார்.

பிறகு நல்ல வருடங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏணி வைத்து ஏறி, கூரை விளிம்புகளில் ஒழுக்கை அடைக்கும் பழைய பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பிசின் பூசினேன். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டு, குழாய் வெடிக்காமலிருக்க, குளிரில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினேன். சக்கரப் பேரிங்குகளுக்கு கிரீஸ். 99இல் புது அச்சு. 2004இல் தரையை முழுக்கப் பெயர்த்துப் புதிது போட்டேன். குளிர்பெட்டி, திரைச்சீலை, கூரைமேல் சூரியத் தகடு. "என்னைக் கட்டினப்போ இவ்வளவு செலவு பண்ணலை," என்று ஆர்டிஸ், கோடையில் நாங்கள் போய்த் தங்கும் ஏரிக்கரையில் எல்லோரிடமும் சொல்வாள்.

பின்மூலை மட்டும் ஈரம் விடவில்லை.

2012 கோடையில் ஒரு மதியம், மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தபோது, கட்டிலில் படுத்திருந்த ஆர்டிஸ் தலையைத் தூக்கினாள்.

"கேக்குதா?"

"என்ன?"

"சுவத்துக்குள்ள. யாரோ தேய்க்கிற மாதிரி."

எலி என்றேன். பொறி வைத்தேன். ஒன்றும் விழவில்லை. அவளோ தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் மழை நின்றதும் பலகையைத் திறந்தேன்.

என் பெயர் நேற்று எழுதியதுபோல் இருந்தது. அவள் பெயருக்குப் பின்னால் இருந்த நார்டால் என்பது இல்லை.

அந்த இடத்தில் மரம் வெள்ளையாக இருந்தது. நான் பதினெட்டு வருடம் மூடி வைத்திருந்த சுவரின் அடியில், கீழ்ச்சட்டத்தில், ஒரு சிட்டிகை மரத்தூள் குவிந்திருந்தது. தொட்டேன். உலர்ந்து, மாவுபோல் இருந்தது. புதிதாக அறுத்த பைன் மரத்தின் மணம் வந்தது.

ஈரத்தில் பென்சில் அழிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொன்னேன்.

ஆர்டிஸ் பென்சிலை மரத்தில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"நம்ம குடும்பப் பேரு என்ன, ஓரின்?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

விளையாடவில்லை.

மருத்துவர் அதற்கு ஒரு நோயின் பெயரைச் சொன்னார். மறதி மெல்லக் கூடும், நிறுத்த மருந்து இல்லை என்றார். என் மகன் கர்ட் தேவாலயத்தில் சொல்லி எல்லோரையும் ஜெபிக்கச் சொல்லலாம் என்றான். நான் கூடாது என்றேன். மூன்று தலைமுறையாக அந்தத் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காரும் குடும்பம் நாங்கள். ஆர்டிஸ் கோட்டை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு நிற்பதை நாலு பேர் பார்த்துப் பரிதாபப்படுவதை என்னால் சகிக்க முடியாது.

"அப்பா, அது அவமானம் இல்லப்பா. நோய்."

"என் பொண்டாட்டியை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: கோடை முழுவதும் அவளை யாரும் வராத கரடி ஏரிக்குக் கூட்டிப்போய் அந்த டிரெய்லரில் வைத்திருந்தேன். ஆறு கோடைகள். குடும்ப மானத்தைக் காப்பாற்ற அவளைப் பின்கட்டிலில், அந்தச் சுவரில் தலை படும்படி நானே படுக்கவைத்தேன்.

இரண்டாம் கோடையில் சுவரைத் திறந்தபோது அவள் பெயரில் பாதிதான் இருந்தது. மரத்தூள் ஒரு கைப்பிடி.

கத்தியால் அவள் முழுப் பெயரையும் செதுக்கினேன். மறுநாளே திறந்து பார்த்தேன். செதுக்கிய இடம் வழவழப்பாக இருந்தது. சட்டத்தையே அறுத்து எடுத்து எரித்துவிட்டுப் புதுச் சட்டம் வைத்து, அதில் இரண்டு பெயரையும் எழுதினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். புதுச் சட்டத்திலும் அவள் பெயரில் பாதிதான். அதே பாதி.

டிரெய்லரை ஏரியிலிருந்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். மூன்று நாள் ஆர்டிஸ் சாப்பிடவில்லை. வாசற்கதவில் நின்று, கொட்டகையோரம் நிறுத்திய டிரெய்லரைக் கை காட்டிக்கொண்டே இருந்தாள். "என் வீடு, என் வீடு," என்று அழுதாள். அக்கம்பக்கத்தார் காதில் விழுந்துவிடுமே என்று மறுபடி இழுத்துப் போனேன்.

கடைசிக் கோடை.

ஒரு காலை, நல்ல வெயில். வெளியே ஏணியில் நின்று பிசின் பூசிக்கொண்டிருந்தேன். கூரைக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். ஆர்டிஸ் மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவள் கத்தியைத் தொட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வேகமாக, தோல் அறுந்து விழாமல், நீள நீளமாகச் சீவினாள்.

இடக்கையால்.

நான் இறங்கி உள்ளே போனேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அது ஆர்டிஸின் உதடுதான். சிரிப்பு அவளுடையது அல்ல.

"அந்த ஆளு போயிட்டானா கிளெம்?" என்று கேட்டாள்.

"எந்த ஆளு?" என்றேன்.

"கை குடுத்துட்டுப் பொய் சொன்னானே, அவன்தான்."

அந்தப் பொய்யை நான் ஆர்டிஸிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கிளெம் ஹாஸ்க் வந்த அன்று ஆர்டிஸ் தன் தங்கை வீட்டில் இருந்தாள்.

அன்று பிற்பகல் அவளை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பலகையைத் திறந்தேன். என் பெயர் இருந்தது. அதற்கு மேலே, இடப்பக்கம் சாய்ந்த எழுத்துகளில், கறுப்பாக, அழுத்தமாக எஃபீ ஹாஸ்க் என்று இருந்தது. பழையதை எரித்துவிட்டு நான் மாற்றிய புதுச் சட்டத்தில்.

அவளுக்கு அதன்பின் மறதியே இல்லை. மருத்துவர் வியந்தார். உடம்பு தேறியது. பொத்தான்களைச் சரியாகப் போட்டாள். ஆனால் என்னோடு ஒரு கூரைக்குக் கீழ் இருக்க மறுத்தாள். கர்ட்டைப் பார்த்து, "இந்தப் பையன் யாரு? நல்லா இருக்கானே," என்றாள். கர்ட் சமையலறையில் போய் அழுதான். நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். சேர்க்கும் தாளில் அவள் கையெழுத்துப் போட்டபோது, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹாஸ்க்கின் கல்லறைக்குப் போனேன். தொப்பியைக் கழற்றி, முழங்காலிட்டேன். அப்பாவின் சவப்பெட்டி முன்னால்கூட நான் முழங்காலிட்டதில்லை. அழித்ததையும் பொய் சொன்னதையும் உரக்கச் சொன்னேன். என் மனைவியைத் திருப்பிக் கொடு என்றேன். புல்லில் காற்று போனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

நவம்பரில் டிரெய்லரின் குழாய்களை வடிக்கப் போனேன். வேண்டாத வேலைதான். இனி யாரும் அதில் பயணம் போகப்போவதில்லை. ஆனால் இருபத்து நான்கு வருடப் பழக்கம். வடிகுழாயைத் திறந்துவிட்டு, உள்ளே மண்டியிட்டு இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஓரின்?"

பின்சுவருக்குள்ளிருந்து வந்தது.

"ஓரின், நீதானே? மூச்சு வாங்குறது கேக்குதே. திரும்பவும் மூணு தடவை அளந்து, நாலாவது தடவை தப்பா வெட்டினியா?"

நாற்பத்தொரு வருடம் கேட்ட கேலி. அந்தக் குரலைக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

பலகையைப் பிய்த்தேன். திருகாணியைக் கழற்றப் பொறுமையில்லாமல் நகத்தாலும் கடப்பாரையாலும் பிய்த்தேன்.

சட்டம். பஞ்சு அடைப்பு. வெளித்தகரம். வேறு ஒன்றுமில்லை.

"ஆர்டிஸ்!"

இருட்டும்வரை கூப்பிட்டேன். பிறகு பலகையைத் திரும்ப வைத்து அடித்தேன். கடைசி ஆணி இறங்கியதும் குரல் வந்தது.

"எதுக்கு கதவைத் திறந்துட்டு மூடுற? குளிருது."

அதன்பின் எத்தனையோ தடவை முயன்றேன். சுவர் திறந்திருந்தால் அவள் இல்லை. மூடினால்தான் பேசுகிறாள். அவளைக் கேட்க வேண்டுமென்றால், நானே அவளை உள்ளே வைத்து அடைக்க வேண்டும். சட்டத்தில் அவள் பெயரை எழுதப் பார்த்தேன். பென்சில் மரத்தில் படவே இல்லை, கண்ணாடியில் எழுதுவதுபோல் வழுக்கியது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயது நார்டால், பழைய டிரெய்லரின் சுவரோடு பேசுகிறான் என்று ஊர் சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

என்னால் செய்ய முடிந்தது பராமரிப்பு மட்டும். வருடத்துக்கு ஒரு தடவை பூசிய பிசினை மாதம் ஒரு தடவை பூசினேன். டிரெய்லரின் மேலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டேன். பின்சுவருக்குக் கனமான பஞ்சு மாற்றினேன். குளிர்காலம் முழுவதும் உள்ளே ஹீட்டரை எரியவிட்டேன். "டிரெய்லர் எதுக்குப்பா, வித்துடலாமே," என்றான் கர்ட். நான் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

எதைப் பூசினாலும் அவள் ஒன்றையே சொல்வாள்.

"இந்த மூலையில இன்னும் ஒழுகுது, ஓரின்."

இந்த ஏப்ரலில் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே இறந்துவிட்டாளாம். முகம் அமைதியாக இருந்ததாம்.

ஊரே திரண்டு வந்தது. நான் முன்வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தேன். நார்டால் குடும்பத்தின் நல்ல மருமகள் என்று போதகர் பேசினார். எங்கள் குடும்ப நிலத்தில், என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்தில் இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். யாருடைய மனைவியை எங்கள் மண்ணில் வைக்கிறேன் என்று எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து, காபியும் பன்றித்தொடை ரொட்டியும் சாப்பிட்டு, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் நாற்பது வண்டிகளாவது நின்றிருக்கும். கடைசி வண்டி தெருவில் திரும்பும்போது மணி நான்கு. வெயில் இன்னும் இருந்தது. கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய், டிரெய்லருக்குள் ஏறி, பின்கட்டிலில் உட்கார்ந்தேன்.

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தது, அவளும் போய்விட்டாள் என்று நினைத்தேன். கடவுளுக்கு நன்றி சொல்லக் கையைக் கூப்பினேன்.

என் தோளுக்குப் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், யாரோ மெல்லப் புரண்டு படுத்தார்கள்.

"வெளிய அவ்வளவு வண்டிச் சத்தம் கேட்டுதே, ஓரின்," என்றாள் ஆர்டிஸ். "யாரு செத்துப்போனது?"