வரி இல்லாத கன்டெய்னர்!

"யா அல்லா...!"

மஹ்பூபியின் அலறல் அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் மூன்று ஷெட்டுகளையும் தாண்டிப் போனது.

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன.

காலை மணி பத்தே கால்.

லண்டனுக்குப் போகவேண்டிய கன்டெய்னர் யார்டில், மூன்றாம் ஷெட்டை ஒட்டி நின்றிருந்தது. பாதிச் சரக்கு ஏற்றியாகிவிட்டது. பெட்டிகளை எண்ண வந்த பேக்கிங் செக்‌ஷன் மஹ்பூபி கதவை இழுத்தாள்.

உள்ளே ஒருவன் குப்புறக் கிடந்தான்!

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஷூவுக்கு உருவம் கொடுக்கிற அலுமினிய அச்சு. அதிலும் ரத்தம்.

"நம்ம அன்பரசன்டா!"

"எக்ஸ்போர்ட் பேப்பர் பாக்கறானே, அவனா?"

"அசையலியேப்பா... போய்ட்டான்..."

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் பூர்ணிமா வந்தாள். குனிந்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எல்லாரும் பின்னால போங்க. கேட்டை மூடுங்க."

ஆம்புலன்ஸ்காரர்களை மட்டும் உள்ளே விட்டாள். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள்.

பிறகு வண்டி வேலூரைப் பார்த்துப் பறந்தது. சைரன் போட்டுக்கொண்டு.

யாரும் அதைக் கவனிக்கவில்லை.

...

மதியம் இரண்டு மணி. மேனேஜர் நாகேந்திரனின் அறையில் ஏசி ஓடியது. ஆனாலும் அவருக்கு வேர்த்தது.

"அன்பரசன் சாவுக்கு அந்த ஒரிஜின் பேப்பர்தான் மேடம் காரணம்."

"அது இன்னா பேப்பர்?"

"புது ஒப்பந்தம் மேடம். முன்னாடி நம்ம ஷூ இங்கிலாந்து போனா நூத்துக்குப் பதினாறு வரைக்கும் வரி. இப்ப கிடையாது. ஆனா ஷூ இங்க பொறந்திருக்கணும். தோலை இங்க வெட்டி, இங்க தைச்சிருக்கணும். வேற நாட்டுல தைச்ச மேல்பாகத்தைக் கொண்டாந்து, இங்க சோல் மட்டும் ஒட்டி அனுப்பினா சலுகை இல்ல."

"இங்கதான் பொறந்துச்சுன்னு யாரு சொல்லணும்?"

"ஏத்துமதி பண்ற நாமளே எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்."

திருடனே 'நான் திருடவில்லை' என்று எழுதித் தந்தால் போதும் என்கிற மாதிரி ஏற்பாடு. படித்தவர்கள் போட்டது. நமக்கென்ன தெரியும்!

"சந்தேகம் வந்தா?"

"பின்னாடி வந்து தோண்டுவாங்க. வந்துருச்சு மேடம்! போன மாசச் சரக்குல அந்த ஊர் கஸ்டம்ஸ் கேள்வி கேட்டுட்டாங்க. நாளைக்கு ரெண்டு ஆபீசருங்க இங்க வர்றாங்க." நாகேந்திரன் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "இதைப் பாருங்க. 'இந்தத் தோல் முழுக்க என் மேஜையில் வெட்டியது.' கீழ கட்டிங் மாஸ்டர் கையெழுத்து. அம்புட்டும் பொய்! மேல்பாகம் சீனாலேர்ந்து வந்திருக்கு. எனக்கே நேத்துதான் தெரியும். நாளைக்கு உண்மையைச் சொல்லிடுவேன்னான் அன்பரசன். சொன்னா கையெழுத்துப் போட்டவர்தானே ஜெயிலுக்குப் போகணும்?"

"கட்டிங் மாஸ்டர் யாரு?"

"கோவிந்தராஜ்னு ஒரு பெரியவர்."

பூர்ணிமா அன்பரசனின் செல்போனை எடுத்தாள். அவன் சட்டைப்பையில் இருந்தது. காலை ஒன்பது நாற்பதுக்கு ஒரு மெசேஜ். உரக்கப் படித்தாள்.

"'தம்பி, ஒரிஜின் பேப்பர் பத்திப் பேசணும். கன்டெய்னருக்கு வா. தனியா வா.' அனுப்பினது கோவிந்தராஜ் நம்பர்."

"பாத்தீங்களா!"

"உங்க கம்பெனியில தொழிலாளிங்க செல்லை கேட்லயே வாங்கி வச்சுடுவீங்களாமே?"

"ஆமா. ஆபீஸ் ஆளுங்க தவிர எல்லாருக்கும் டோக்கன் போட்டு அலமாரியில பூட்டிடுவோம். அவசரம்னா எழுதி வச்சுட்டு எடுக்கலாம்." அவரே ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். "ஒம்போதரைக்கு எடுத்திருக்கார். 'கோவிந்தராஜ், வீட்டுக்கு அவசரமாகப் பேச வேண்டும்.' செக்யூரிட்டி நிசார் அப்ப டீ குடிக்கப் போயிருந்தானாம்."

"கூப்பிடுங்க அவரை."

...

கோவிந்தராஜ் வந்தார். அறுபத்திரண்டு வயது. தோலைத் தொட்டே ஆடா மாடா, பழுது எங்கே என்று சொல்லுகிற விரல்கள். கக்கத்தில் மடிப்பு தேய்ந்த ஒரு செய்தித்தாள்.

மாதனூர் பக்கத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் தினமும் முன் சீட்டில் அதை விரித்து வைத்துக்கொள்வார். முதல் பக்கம் பூராவும் நகைக்கடை விளம்பரம், நகை பூட்டிய கல்யாணப் பெண். பின்னால் பெண்கள் கேட்பார்கள், "மேஸ்திரி, இன்னா நியூஸு?" அவர் சொல்வார். மழை வரும் என்பார். அமிர்தி ஜூவில் மான் குட்டி போட்டது என்பார்.

"உக்காருங்க பெரியவரே. ஒம்போதரைக்கு எங்க இருந்தீங்க?"

"தோல் குடோன்லம்மா. ஒண்டியா."

"யாராவது பாத்தாங்களா?"

"தோலு பாத்துச்சு."

"கிண்டலா?" நாகேந்திரன் சீறினார்.

"இது உங்க கையெழுத்தா?"

கோவிந்தராஜ் காகிதத்தைப் பார்த்தார். கடைசியில் இருந்ததை மட்டும் பார்த்தார். தலை தானாகக் குனிந்தது.

"என்துதான்."

"உங்க மேஜையில வெட்டின தோலா இது?"

"இல்லம்மா. மூணு மாசமா என் மேஜைக்கு வேலையே கம்மி. தைச்ச மேல்பாகம் பொட்டி பொட்டியா வந்து எறங்குச்சு. கேட்டா, பேஜார் பண்ணாதீங்க மேஸ்திரின்னாங்க."

"அப்புறம் எப்படிக் கையெழுத்து போட்டீங்க?"

கோவிந்தராஜ் கக்கத்துச் செய்தித்தாளை இறுக்கிக்கொண்டார்.

"படிச்சுப் பாத்துதானே போட்டீங்க?"

அவர் காது மடல் சிவந்தது.

பூர்ணிமா வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினாள். "ரிஜிஸ்டர்ல இருக்கற இந்த வரியை இதுல எழுதுங்க. எழுத்து வேறயா இருந்தா நீங்க இப்பவே வீட்டுக்குப் போலாம். எழுத மாட்டேன்னா... கொலைக் கேஸ். என் ஜீப்புல வரணும்."

கோவிந்தராஜ் பேனாவைத் தொடவில்லை.

"கண்ணாடி வூட்ல வச்சுட்டேம்மா."

நாகேந்திரன் சிரித்தார். தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்கென்ன மேஸ்திரி? இந்தாங்க, போட்டுக்குங்க!"

கண்ணாடி மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. இனி சாக்கு இல்லை!

கோவிந்தராஜுக்கு எழுத்து தெரியாது. ஒரு எழுத்துகூட!

கல்யாணத்துக்கு முன்னால், எட்டாவது படித்த மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் கழிவுத் தோல் துண்டுகளில் சில்வர் பேனாவால் பெயரை மட்டும் போட்டுப் போட்டுப் பழகினார். பொம்மை வரைகிற மாதிரி. அதற்கு மேல் ஏறவில்லை. கமலத்தோடு முப்பத்தி நாலு வருஷம் வாழ்ந்தார். அவளிடமும் சொல்லவில்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தையல் லைன் பெண்கள் எல்லாரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றிருந்தார்கள். முன்னால் மஹ்பூபி.

ஜெயிலுக்கே போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். உள்ளபடியே நினைத்தார்!

பிறகு கண்ணாடியை மெல்ல நாகேந்திரன் பக்கம் தள்ளினார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா."

"என்னது?"

"பேர் மட்டும் போடுவேன். போனஸ் பேப்பர் மேஸ்திரின்னு அன்பரசன் நீட்டினான். போட்டேன். படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு போட்டேன். இந்தக் கையால எவனோ தைச்ச ஷூவுக்கு ஆம்பூருன்னு பேர் வச்சுட்டேன். என்னை இன்னா வேணா பண்ணிக்கோ. ஆனா அந்த மெசேஜு நான் எழுதல."

மேஜைமேல் ஒரு சொட்டு விழுந்தது. அதை முழங்கையால் துடைத்தார்.

நாகேந்திரன் மேஜையில் அடித்தார்.

"நடிப்பு மேடம்! தினமும் பஸ்ல பேப்பர் படிக்கிற ஆளு!"

"நீங்க கம்பெனி பஸ்ல வர்றீங்களா சார்?"

"நான் எதுக்கு? கார்ல வர்றேன். ஊரே சொல்லுது, மேஸ்திரி பேப்பர் படிப்பார்னு! எழுதப் படிக்கத் தெரியாதாம்! அப்ப அன்பரசன் 'எந்த கன்டெய்னர்'னு திருப்பிக் கேட்டதுக்கு, 'லண்டன் கன்டெய்னர், மூணாம் ஷெட்டு'ன்னு பதில் போட்டது யாரு? இவர் பேயா?"

பூர்ணிமா மெதுவாக எழுந்தாள்.

"சார்... நான் ஒரு மெசேஜ்தான் படிச்சேன்."

"ஆ... ஆமா."

"திருப்பிக் கேட்டது, பதில் போட்டது, இந்த ரெண்டையும் நான் வாயைத் தொறந்து சொல்லவே இல்ல. இந்தப் போன் என் கையில. பெரியவர் போனு எங்க ஏட்டு பையில. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இல்ல மேடம்... ஒரு அனுமானம்..."

"வார்த்தைக்கு வார்த்தை அனுமானமா? கேட் அலமாரிக்கு சாவி எத்தனை?"

"ரெண்டு..."

"ஒண்ணு நிசார்கிட்ட. இன்னொண்ணு?"

நாகேந்திரனின் கை தானாகப் பாக்கெட்டைப் பொத்தியது.

"சைனா மேல்பாகத்துல கமிஷன் அடிச்சீங்க. மொதலாளி துபாய்ல. உண்மையைச் சொல்றேன்னவனை அடிச்சீங்க. பழியைப் போட பேப்பர் படிக்கிற கிழவரா பாத்துப் புடிச்சீங்க. போன்ல பூட்டுகூட இல்ல, வசதியா போச்சு. ஏட்டு! சாருக்கு வளையல் போடுங்க."

"சாட்சி இருக்கா மேடம்?" நாகேந்திரன் கத்தினார். "செத்தவன் வந்து சொல்லுவானா?"

"சொன்னான் சார். அரை மணி முன்னால, ஆஸ்பத்திரியிலேர்ந்து, போன்ல."

"என்ன!"

"ஏன் சார், பொணத்துக்கு யாராவது சைரன் போடுவாங்களா?"

நாகேந்திரன் நாற்காலியில் சரிந்தார்.

பூர்ணிமா கோவிந்தராஜ் பக்கம் திரும்பினாள். "அன்பரசனைப் பின்னாலேர்ந்து அடிச்சிருக்காங்க. ஆளைப் பாக்கல. ஆனா மெசேஜ் வந்தப்பவே அது நீங்க இல்லன்னு அவனுக்குத் தெரியும். அதான் திருப்பிக் கேட்டுப் பாத்திருக்கான். பதில் வந்துச்சு. யாருடா மேஸ்திரி போன்ல எழுதறதுன்னு பாக்கத்தான் போயிருக்கான்."

"எனக்குத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் ஏமாத்தியிருக்கான். 'அவரு மூஞ்சில முழிக்க வெக்கமா இருக்கு மேடம்'னு அழுதான்."

கோவிந்தராஜ் செய்தித்தாளின் மடிப்பை நீவினார்.

"நானும் அவன் மூஞ்சில முழிக்க முடியாதும்மா. ரெண்டு பேரும் செவுத்தைப் பாத்துக்கினு பேசிக்கறோம்."

"நாளைக்கு ஆபீசருங்க வந்தா இது இங்க வெட்டினது இல்லன்னு காட்ட முடியுமா?"

"ஒரு ஷூ கொடு."

கன்டெய்னரிலிருந்து ஒன்று வந்தது. கத்தியால் உள் துணியை ஒரே இழுப்பில் பிரித்தார். தோலின் அடிப்பக்கத்தில் மெஷின் அடித்த சின்னச் சின்ன எழுத்துகள்.

"பாத்தியா? நாங்க வெட்டினா ஜோடி மாறாம இருக்க சில்வர் பேனால குறி போடுவோம். ஒவ்வொருத்தனுக்கும் டோக்கன் நம்பர். உள்துணி மேல வந்து மூடிக்கும், வெளிய தெரியாது. என் ஷூவா இருந்தா மீன் இருக்கும்."

"மீனா? நம்பர் இல்லையா?"

"நம்பரும் தெரியாதும்மா."

...

மறுநாள் காலை. மாதனூர் பஸ்.

கோவிந்தராஜ் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்தார். செய்தித்தாளை விரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். நேற்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருக்கும். சிரிப்பார்கள்.

பஸ் கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து மஹ்பூபி எட்டிப் பார்த்தாள்.

"மேஸ்திரி, இன்னா நியூஸு?"

"விளையாடாத மஹ்பூபி. எனக்குப் படிக்கத் தெரியாது. நேத்து ஜன்னல்ல நின்னு கேட்ட இல்ல?"

"நேத்து இன்னா மேஸ்திரி புதுசா? இந்த பஸ்ஸுல அல்லாருக்கும் தெரியும். கார்ல வர்றவனுக்குத்தான் தெரியாது."

"இன்னாடி சொல்ற?"

"ஒரு வருஷமா அதே பேப்பரைத்தான் விரிக்கிறீங்க. அந்த நகைக்கடை பொண்ணுக்கு இந்நேரம் கொழந்தையே பொறந்திருக்கும்!"

பஸ் குலுங்கிச் சிரித்தது.

கோவிந்தராஜின் காது சிவந்தது. "தெரிஞ்சா... ஏன் சொல்லல?"

"சொன்னா நியூஸு நின்னுபூடுமே!" மஹ்பூபி செய்தித்தாளைப் பிடுங்கி, விரித்து, அவர் கையிலேயே திணித்தாள். "அமிர்தி மானு போன வருஷத்துல மட்டும் ஏழு வாட்டி குட்டி போட்டுச்சு. சீக்கிரம் படிங்க மேஸ்திரி... எட்டாவது போட்டுச்சா, இல்லையா?"