பெயர் சொல்லி எரிக்கப்பட்டவன்

அடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மட்டும்தான் வெந்துகொண்டிருந்தது. ஆனால் சாயங்கால மழை ஓலைக் கூரையில் விடாமல் தட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள், விறகுப் புகையையும் ஈரமண் வாசனையையும் மீறி, மயிர் பொசுங்கும் நாற்றம் மெல்ல மெல்லப் பரவியது. பெனடிக்டா மகனையே பார்த்தாள். செத்துப்போனான் என்று அவள் அழுது தீர்த்த மகன் எதிரே உயிரோடு உட்கார்ந்து கிழங்கை விழுங்கிக்கொண்டிருந்தான். பெற்ற வயிறு குளிர்ந்திருந்தது. அந்த நாற்றம்தான் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

"உப்பே இல்லம்மா."

"சண்டை போடுறது நீங்க, கப்பலை மறிக்கிறது ராணுவம். உப்புக்கு நான் எங்கடா போவேன்?"

அலோய்ஸ் சிரித்தான். பூகன்வில் தீவின் மலைக்காடுகளில் ராணுவத்தை எதிர்த்துப் போராளியாகத் திரிந்தவன். போன மாதம் ஆற்றோரம் அவனுடைய சட்டையோடு, முகம் சிதைந்த ஒரு பிணம் கிடந்தது. பாதிரியார் வர வழியில்லை. பழைய முறைப்படி விறகடுக்கிப் பெனடிக்டாதான் தீ வைத்தாள். "அலோய்ஸ், என் ராசா, அம்மாகிட்ட வந்துடுடா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"நான் எரிச்சது யாரைடா?"

"எதிர்ப்பக்கம் சேர்ந்த பையன். ஆத்துக்கு அக்கரை ஊரு." அவன் தலை நிமிரவில்லை. "நான் செத்துட்டேன்னு நம்பினாத்தாம்மா ராணுவம் தேடாது, வீட்டுக்கு வரலாம். அதான் என் சட்டையை மாட்டி... முகத்தையும் நான்தான்..."

"அடப்பாவி! அவனுக்கும் ஒரு தாய் இருப்பாளே!"

நாற்றம் இன்னும் கூடியது. வெளியே சேற்றில் யாரோ நடந்து வரும் சத்தம். வாசலில் நின்றது.

ராணுவமா? அலோய்ஸ் வெட்டுக்கத்தியோடு எழுந்து கதவுப் பக்கம் போனான். இன்னொரு முறை இவனைப் பறிகொடுக்க அவளால் ஆகாது.

"போகாதடா! அலோய்ஸ்!"

"இதோ வந்துட்டேம்மா."

மகனின் குரல்தான். வெளியிலிருந்து வந்தது.

உள்ளே நின்றவன் வாயைத் திறந்தான். சத்தம் எழவில்லை. கத்தி கீழே விழுந்தது.

கதவு திறந்தது. சாம்பல் படிந்த கால்கள். கருகிய சட்டை. அவள் எழ நினைத்தாள். முடியவில்லை. வந்தவன் நேராக அவளிடம் வந்தான். மடியில் தலை வைத்தான். சூடு. தோல் பொசுங்கும் சூடு.

"நீதானேம்மா கூப்பிட்ட."

நிமிர்ந்து பார்த்தான். அவள் பெற்ற முகம்.

கதவருகே அலோய்ஸ் இரண்டு கைகளாலும் தன் முகத்தைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான்.