நனையாத கால்

குழலி உள்ளங்காலில் விரலை வைப்பதற்கு முன்பே அப்பா கெக்கெக்கென்று சிரித்துவிட்டார்.

“எப்பா, நான் இன்னும் தொடவே இல்லியே!”

“நீ தொடப் போறேன்னு நெனச்சாலே எனக்குக் கூசுதுட்டி” என்றார் அப்பா சுடலைராஜ்.

குழலிக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டில் குழலி, பள்ளிக்கூடத்தில் குழல்வாய்மொழி, ஐந்தாம் வகுப்பு. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவள் லேசில் விடமாட்டாள்.

அப்பாவுக்கு ஐந்தருவியில் வேலை. குளிக்க வருகிறவர்களை உட்காரவைத்து, தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவார். சீசன் வந்துவிட்டால் காலையிலிருந்து மாலை வரை ஈரப்பாறையில் வெறுங்காலோடு நிற்பார். சாப்பிட மட்டும் மதியம் வீட்டுக்கு வருவார். குழலிக்குப் பள்ளி விடுமுறையான அன்றும் அப்படித்தான் வந்து பாயில் சாய்ந்திருந்தார்.

“சரிப்பா, கண்ணை மூடிக்கோங்க. எந்த விரலைத் தொடுதேன்னு சொல்லுங்க பாப்போம்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். குழலி சுண்டுவிரலைத் தொட்டாள்.

“பெருவிரல்!”

அடுத்ததாக நடுவிரலைத் தொட்டாள்.

“பெருவிரல்தான். ஏமாத்தப் பாக்கியா?”

“இப்போ?”

“சுண்டுவிரல்!” என்றார் அப்பா உறுதியாக.

“எப்பா, கண்ணைத் திறங்க. என் ரெண்டு கையும் என் தலை மேல இருக்கு.”

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மெதுவாகக் காலை இழுக்கப் பார்த்தார். அதற்குள் குழலி குனிந்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டாள். வலது பெருவிரலுக்குக் கீழே எண்ணெயில் நனைத்த பஞ்சு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்ததும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண்.

“ஐயோ! வலிக்கலியாப்பா?”

“வலிச்சாத்தானே! அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லுதேன்.”

பத்து நாளைக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தியிருந்ததாம்.

“பாறையில ரத்தம் கெடந்துச்சு. யாருக்கோ கால்ல வெட்டிருச்சு போலன்னு, குளிக்க வந்தவங்க காலையெல்லாம் ஒவ்வொண்ணா பாத்தேன். கடைசில பாத்தா, அது என் கால்!”

“ஆஸ்பத்திரிக்குப் போகலியா?”

“எதுக்கு? தினமும் அரைமணி நேரம் அருவித் தண்ணியில காலை நீட்டி உக்காருதேன். மூலிகைத் தண்ணிட்டி! இதுக்காக எத்தனை ஊர்லேர்ந்து வாராங்க! அதுக்கு மேல நம்ம எண்ணெயும் வச்சிருக்கேன். அம்மாட்ட மட்டும் சொல்லிராத.”

“ஏன்?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “ஏசுவடியான் அண்ணாச்சி தெரியும்லா? காலோட ஆஸ்பத்திரிக்குப் போனாரு. கால் இல்லாமத் திரும்பி வந்தாரு.”

குழலிக்குப் புரிந்துவிட்டது. அப்பா மறைத்தது, சீசன் வேலை போய்விடும் என்ற கவலையால் மட்டும் இல்லை. அப்பா பயந்துபோயிருந்தார். மரத்தடி எறும்புப் புற்றைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிற அப்பா. அவருடைய காலுக்கா இப்படி!

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“எப்பா, அவருக்குப் புண்ணு வந்து எத்தனை நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனாரு?”

“ரெண்டு மாசம் இருக்கும். நாத்தம் வந்த பொறவுதான் போனாரு.”

“அப்போ காலை எடுத்தது ஆஸ்பத்திரி இல்லப்பா. அந்த ரெண்டு மாசம்லா எடுத்துச்சு!”

அப்பா காலை மடக்கிக்கொண்டார்.

“நீங்க எங்கயும் போக வேண்டாம். ஒரே ஒரு போட்டோ எடுத்து ஞானபாக்கியம் அக்காவுக்கு அனுப்புதேன். அவ்வளவுதான்.”

ஞானபாக்கியம் அக்கா அந்தப் பகுதியின் நர்ஸ். மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்.

“ஒரு நாளாவது என் மூஞ்சியை இவ்வளவு ஆசையா போட்டோ எடுத்திருப்பியா?” என்று அலுத்துக்கொண்டே அப்பா காலை நீட்டினார்.

படம் போன பத்தாவது நிமிடம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஞானபாக்கியம் அக்கா நேரிலேயே வந்துவிட்டார். சத்தம் கேட்டு, அடுக்களையிலிருந்து அம்மா ஆனந்தவள்ளி கையில் கரண்டியோடு வந்தாள். அம்மாவின் பார்வை அப்பாவின் காலில் விழுந்தது.

“இதையா என்கிட்ட மறைச்சிய?”

“கரண்டியைக் கீழ வையி, சொல்லுதேன்” என்றார் அப்பா.

ஞானபாக்கியம் அக்கா புண்ணைத் துடைத்துவிட்டு, தன் போனிலிருந்து தென்காசி டாக்டரம்மாவை வீடியோவில் அழைத்தார். போனைப் பிடிக்கும் வேலை குழலிக்கு.

“மின்விசிறி நல்லாத்தான் இருக்கு. நான் காலைப் பாக்கணுமே” என்றார் டாக்டரம்மா.

குழலி நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் திருப்பினாள். டாக்டரம்மா சொன்னபடி, புண்ணுக்குப் பக்கத்தில் தன்னுடைய பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக் காட்டினாள்.

“சர்க்கரையால நரம்பு மரத்துப்போச்சு. அதனாலதான் வலி தெரியலை. வலி இல்லாததுதான் இதுல பெரிய ஆபத்து” என்றார் டாக்டரம்மா. “அருவியில ஆசைதீரக் குளிக்கலாம். ஆனா புண்ணை அதுல ஊறவைக்கக் கூடாது. ஆழம் எவ்வளவுன்னு போன்ல தெரியாது. நாளைக்குக் காலையிலேயே வந்திருங்க.”

“டாக்டரம்மா…” அப்பா போன் பக்கமாகச் சாய்ந்தார். “காலை எடுத்திருவியளா?”

“அந்த நிலைமை வந்திரக் கூடாதுன்னுதான் நாளைக்கே வரச் சொல்லுதேன். சீக்கிரமாத்தான் காட்டியிருக்கீங்க. சொன்னபடி கேட்டா காப்பாத்திரலாம்.”

மறுநாள் தென்காசியில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். புண்ணின் மேல் பாரம் விழாதபடி ஒரு விசேஷச் செருப்பும் கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஞானபாக்கியம் அக்கா வந்து கட்டு மாற்றுவார். குழலி படம் எடுத்து அனுப்புவாள். டாக்டரம்மா பார்த்துப் பதில் சொல்வார். அப்பாவுக்கு இருந்த வேலை ஒன்றுதான்: காலை நனைக்காமல், ஊன்றாமல் இருக்க வேண்டும்.

அது என்ன சாதாரண வேலையா?

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த குழலி, தெருமுனையில் அப்பாவைப் பிடித்தாள். இரண்டு கால்களிலும் பிளாஸ்டிக் பைகளை மாட்டி, ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

“எப்பா! எங்கன போறீங்க?”

“அருவிச் சத்தம் காதுல விழுந்துக்கிட்டே இருக்குட்டி. வீட்ல சும்மா இருக்க முடியல.”

பை காற்றில் சரசரத்தது. குழலிக்குக் கோபம் வரவேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பாவமாகவும் இருந்தது. ஆட்டோ பிடித்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

“எப்பா, தலைக்கு எண்ணெய் தேய்க்க நீங்க ஏன் நிக்கணும்? நீங்க நாற்காலியில உக்காந்துக்கோங்க. வாறவங்க கீழ உக்காரட்டும். தண்ணி தெறிக்காத இடமா பாத்து, அருவிக்கரை எண்ணெய்க்கடை வாசல்ல போட்டுக்கிடலாம்.”

அப்பா அவளையே பார்த்தார். “இது எனக்கு ஏன் தோணலை?”

“நீங்க பை கட்டிக்கிட்டு இருந்தீங்கள்லா!”

குழலி டாக்டரம்மாவைக் கேட்டாள். “ஆட்டோவில போகணும், ஆட்டோவில வரணும். காலை முக்காலியில தூக்கி வச்சுக்கிடணும். சம்மதமா?” என்று கேட்டார் அவர். அப்பா மூன்று முறை தலையாட்டினார்.

எண்ணெய்க்கடை வாசலில் ராஜா மாதிரி காலை முக்காலியில் வைத்துக்கொண்டு அப்பா தலை தேய்ப்பதைப் பார்த்து, கூட வேலை செய்யும் மாடனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எண்ணே, ஐந்தருவிக்கு வந்து நனையாம போற ஒரே ஆளு நீங்கதான்! போட்டோவில புண்ணு ஆறுமாக்கும்? அப்போ எனக்குப் பசிச்சா பிரியாணியைப் போட்டோ எடுத்து அனுப்புங்க!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் காலை முக்காலியிலிருந்து எடுக்கவில்லை.

வாரா வாரம் ஸ்கேலுக்குப் பக்கத்தில் புண் சின்னதாகிக்கொண்டே வந்தது. நாணயம் பட்டாணியானது, பட்டாணி மிளகானது. ஏழாவது வாரம் டாக்டரம்மா தென்காசிக்கு வரச்சொல்லி, நேரில் அழுத்திப் பார்த்தார்.

“மூடிருச்சு. ஆனா உணர்ச்சி முழுசா திரும்பாது. இனிமே தினமும் உள்ளங்காலைப் பாக்கணும். வெறுங்காலோட நடக்கக் கூடாது.”

அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா குழலியின் தலையில் கை வைத்தார். வழக்கம்போல அவர் கையில் எண்ணெய் வாசம் அடித்தது.

அந்த வாரச் சனிக்கிழமை. கூட்டம் குறைந்து, அப்பா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். குழலி எண்ணெய்க் குப்பிகளை அடுக்கினாள். மாடன் மெதுவாக வந்து நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

“எண்ணே… குதிகால்ல ஒரு வெடிப்பு. நாலு நாளா நீர் வடியுது. வலியே இல்ல, அதான்…”

அப்பா ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. மடக்கிய நாற்காலியை மறுபடி விரித்து மாடனை உட்காரவைத்தார். தான் முக்காலியில் உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“குழலி, போனை எடு. ஞானபாக்கியம் அக்காவுக்கு அனுப்பணும்.”

குழலி வெளிச்சம் பார்த்து நின்றாள்.

“மாடன் மாமா, கொஞ்சம் சிரிங்க.”

“எடுக்கது காலைத்தானே? நான் எதுக்குட்டி சிரிக்கணும்?”

“நாலாவது நாளே காட்டிட்டீங்கள்லா, அதுக்குத்தான்!”