குதிழவி என்றொரு பிராணி

குதிழவி என்றால் என்ன? ஞானமணிக்குப் புரியவே இல்லை.

‘ஏழு குகை இளவரசன்’ கதையை மதிய இடைவேளையில் வகுப்புக்கு உரக்க வாசிப்பவள் அவள்தான். முதல் இரண்டு பாகங்களும் தடங்கலின்றி ஓடின. மூன்றாம் பாகத்தில்தான் இப்படி வந்தது: “இளவரசன் ஓடிப்போய் மரக்குதிழவி சிரித்தாள்.”

“பாதி குதிரை, பாதி கிழவி. வேற என்ன?” என்றான் மூக்கன். உடனே சிலேட்டில் வரையவும் தொடங்கிவிட்டான்.

ஞானமணி அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள். “அவளுடைய மந்திரக்கோல் கீரையில் ஏறி அமர்ந்தான்.”

“கோலு எப்படிடி அமர்ந்தான்?” என்றாள் செவந்தி. “அதுவும் கீரையில ஏறுனா மசிஞ்சுல்ல போகும்?”

சிரிப்புச் சத்தம் கேட்டு குழந்தைசாமி சார் வந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பக்க எண்ணைத் தேடினார். தாளின் அடியை வெட்டிச் சமமாக்கியவர் எண்களையும் சேர்த்து வெட்டியிருந்தார்.

“சாயங்கால பஸ்ல திருச்சிக் கடைக்கே திருப்பி அனுப்பிடுறேன். நாலாம் பாகமும் வேணாம்.”

“சார், இளவரசன் குகை வாசல்ல நிக்கிறானே.”

“நிக்கட்டும்.”

“பஸ் வர்ற வரைக்குமாவது நான் வச்சிருக்கேன் சார்.”

சார் தலையாட்டிவிட்டுப் போனார்.

“ஏ, இங்கிட்டுப் பாரு,” என்று மூக்கன் சிலேட்டை நீட்டினான். குதிரை ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டதால் கிழவியை மறுபக்கத்தில் வரைந்திருந்தான்.

ஞானமணி சிலேட்டைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். இடம் போதாவிட்டால் அச்சுக் கோப்பவரும் இதைத்தானே செய்வார்? சொல்லை எந்த எழுத்திலும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த பக்கத்தில் வைப்பார். ரயில் பெட்டிகளைக் கோப்பதுபோல, ஒரு பக்கத்தின் கடைசி எழுத்தை அடுத்த பக்கத்தின் முதல் எழுத்தோடு நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

அப்படியானால் பெட்டி மாறியிருக்கிறது.

பக்கத்தின் கடைசியில் நிற்கும் ‘மரக்குதி’க்குப் பிறகு என்ன வர வேண்டும்? ‘ரை.’ ‘ரை’ எங்கே இருக்கிறது? ஒரு தாள் தள்ளி அடுத்த தாளின் தலையில், ‘கீ’யோடு ஒட்டிக் கீரையாகிக் கிடக்கிறது.

அவள் சாரிடம் ஓடினாள். “சார், மூக்கன் சொன்னது சரிதான். பாதி குதிரை, பாதி கிழவி.”

ஒரு தாளைத் தாண்டி வாசித்தாள். “மரக்குதிரையில் ஏறி அமர்ந்தான்.” அந்தத் தாள், “குகை வாசலில் ஒரு கி” என்று முடிந்தது. முந்தைய தாளுக்குத் திரும்பினாள். “ழவி சிரித்தாள்.” அதுவும் முடிந்ததும் இரண்டையும் தாண்டிப் போனாள். “மந்திரக்கோல் கீழே விழுந்தது.”

சார் தன் விரலை வைத்து ஒருமுறை சரிபார்த்தார். “அட, தைக்கிறப்ப ரெண்டு தாள் இடம் மாறிப்போச்சு. நாலாம் பாகத்துக்கு எழுதிர வேண்டியதுதான்.”

“அப்ப குதிழவி கிடையாதா?” என்றான் மூக்கன் வருத்தத்தோடு.

“ஒன் சிலேட்டுல இருக்குல்ல,” என்றாள் ஞானமணி. பிறகு பென்சிலை எடுத்து, புத்தகத்தில் ‘மரக்குதி’க்குக் கீழே எழுதினாள்: ‘அடுத்த தாளை விட்டுவிட்டு அதற்கடுத்ததை முதலில் படி. பிறகு விட்டதைப் படி. அதன்பின் இரண்டையும் தாண்டி நேராகப் போ.’