ஆறு பேருக்கான எண்

ரங்கராஜ் வாசலுக்கு வந்தபோது, ஜன்னல் கம்பிக்குள்ளே இருந்த கால்குலேட்டர் 857142 என்று காட்டிக்கொண்டிருந்தது. அவன் இன்னும் அதைத் தொடவே இல்லை.

அந்த மாதம் காங்கேயத்தில் மூன்று வீடுகளில் களவு போயிருந்தது. எல்லோரும் நாய் வாங்கினார்கள். ரங்கராஜ் கணக்கு வாத்தியார், நாயென்றால் பயம் வேறு. ஆகவே ஜன்னலில் ஒரு கால்குலேட்டரை வைத்து, 142857-ஐக் காவலுக்கு வைத்தான். சாயங்காலம் வீடு சேர்கிற ஆறு பேரும் ஆளுக்கொரு முறை பட்டனை அமுக்க வேண்டும், அந்த எண் ஒரு தடவை கூடிக்கொள்ளும். இரண்டாவது ஆளுக்கு 285714. மூன்றாவது ஆளுக்கு 428571. ஆறு பேர் வரைக்கும் அதே ஆறு இலக்கங்கள்தான், இடம் மட்டும் மாறி உட்காரும். "நம்ம குடும்பமாட்டவே," என்று சொல்லி அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

857142 வந்தால் ஆறு பேரும் உள்ளே. தாழ் போட்டுவிடலாம். அப்புறம் யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. ஏழாவது ஆள் அமுக்கினால் மட்டும் 999999.

"வேத்தாள் வந்தா எண்ணே காட்டிக் குடுத்துரும், அம்மணி," என்று மகள் யுவஸ்ரீயிடம் பெருமையடித்தான்.

"திருடன் எதுக்குங்க பட்டனை அமுக்கறான்?" என்று கேட்டாள் மனைவி புவனா.

தினமும் ஆறாவதாக வருவது அவன்தான்.

கதவைத் தள்ளினான். தாழ் போட்டிருந்தது. தெருக்கோடி எண்ணெய் மில்லின் இரைச்சல் எப்போதோ நின்றுபோயிருக்க, காற்றில் கொப்பரை வாசம் மட்டும் கனத்துத் தொங்கியது; உள்ளே கடுகு பொரிந்தது, யாரோ தட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார்கள். எண்ணினான். ஆறு.

"புவனா!"

காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது.

"ஏனுங்க," என்றாள் அவள். குரல் கதவுப் பக்கம் வரவில்லை, வீட்டுக்குள் திரும்பிப் போனது. "வெளிய யாரோ உங்க கொரல்லயே கூப்புடறாங்க."

உள்ளே ஒருவர் இருமினார். ரங்கராஜின் இருமல். பத்து வருஷத்து சாக்பீஸ் தூசி சேர்ந்த இருமல்.

ஜன்னலுக்கு ஓடினான். யுவஸ்ரீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள், முதுகு மட்டும் தெரிந்தது. வலது சட்டைக் கையில் மைக்கறை. ரங்கராஜ் தன் கையைப் பார்த்தான். அதே கறை.

"அம்மணி, இங்க வா. அப்பா வெளிய நிக்கறேன்."

அவள் வந்தாள். முகத்தில் சந்தேகம். எதைச் சொல்லி நம்ப வைப்பது? வீட்டு வழக்கம் தெரிந்தவன் என்று காட்ட வேண்டும். கம்பிக்குள் கைவிட்டான். தினமும் அமுக்குகிற பட்டன். அமுக்கினான்.

அமுக்கிய பிறகுதான் உறைத்தது.

யுவஸ்ரீ குனிந்து படித்தாள். "ஒம்போது. ஒம்போது. ஒம்போது..."

நிமிர்ந்தாள். கண்ணில் அப்பாவைப் பார்க்கும் பார்வை இல்லை.

"பயப்படாதே அம்மணி," என்றது அவள் பின்னாலிருந்து அவன் குரல். "அப்பா இங்க இருக்கேன்ல."

விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூளாய் ஒரு கை வந்து ஜன்னல் கதவை மெல்லச் சாத்தியது. கடைசி இடுக்கில் தெரிந்தது: மகள் அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.