வந்தவர் யார்?

தம்பியின் காலில் மாவுக்கட்டு. மரத்திலிருந்து விழுந்ததற்குக் கிடைத்த பரிசு. மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டிலிருந்த குடைத் துப்பறிவாளர் கதைகள் பன்னிரண்டையும் அவன் நாலே நாளில் விழுங்கிவிட்டான். குதிரை வண்டிக் காலத்துத் துப்பறிவாளர் அவர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் கிளம்ப மாட்டார். அவரைப் படைத்த எழுத்தாளர் இறந்தே நூறு வருடம் ஆகிவிட்டது.

"இனிமே புதுசே வராதாக்கா?" என்றான் தம்பி. அவன் முகத்தைப் பார்க்க அக்காவுக்குப் பாவமாக இருந்தது.

"ஏன் வராது? நான் எழுதறேன்."

மறுநாளே எழுதிவிட்டாள். பனி சூழ்ந்த ஒரு மாளிகை. அங்கே வைரம் காணாமல் போகிறது. சந்தேகம் மூன்று பேர்மேல்: வண்டிக்காரன், தோட்டக்காரன், மாளிகைக்காரரின் அத்தை.

"இருட்டில் யாரோ வந்தாள். ஜன்னலைத் திறந்தாள்..." என்று படித்தாள்.

"அத்தைதான் திருடி!"

"எப்படிடா கண்டுபிடிச்சே?"

"வந்தாள்னு நீயேதானே சொன்னே! மூணு பேர்ல அத்தை மட்டும்தானே பொம்பளை?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுதியதை அடித்துவிட்டு, "ஓர் உருவம் வந்தது" என்று மாற்றினாள்.

"உருவமா? இது பேய்க் கதையா?" தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அக்காவுக்கு அழுகையே வந்தது.

அப்போது அழைப்பு மணி அடித்தது. அவள் போய்த் தபாலை வாங்கி வைத்துவிட்டு வந்தாள்.

"யாருக்கா வந்தாங்க?"

அக்கா அப்படியே நின்றாள். "வந்தது ஆம்பளையா, பொம்பளையா?"

"எனக்கெப்படித் தெரியும்? அதான் 'வந்தாங்க'ன்னு கேட்டேன்."

"அதேதான்டா!" என்று நோட்டை எடுத்தாள். வந்தார், திறந்தார், வைரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார் என்று திருத்திப் படித்தாள்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "திருட வந்த ஆளுக்கு இவ்வளவு மரியாதையா?"

"நம்ம குடைக்காரர் அப்படித்தான். குற்றம் நிரூபணமாகிற வரைக்கும் யாரையும் மரியாதைக் குறைவாப் பேச மாட்டார்."

"நான் அத்தைன்னு கண்டுபிடிச்சதால நீ ஆளை மாத்தியிருப்பே. தோட்டக்காரன்தானே?"

அக்கா மேலே படித்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தில் துப்பறிவாளர் குடையை நீட்டினார். மரியாதை அங்கேதான் போயிற்று.

"அத்தை தலைகுனிந்தாள்."

"அடிப்பாவி! மறுபடியும் அத்தையா!" தம்பி தலையணையைத் தூக்கி எறிந்தான். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினான்.

"கட்டுப் பிரிக்க இன்னும் ரெண்டே வாரம்தானாக்கா இருக்கு?" என்று கவலையோடு கேட்டான்.